குளிர்காலக் கூடுதல்

கரகந்தா, மூன்றாம் எண் பணிமனை.
நான் ரௌஷன். கணக்குப் பிரிவு,
காற்று நுழையும் ஜன்னலோர மேசை.

பன்னிரண்டு டீசல் பேருந்துகள்.
எஞ்சினை இறக்கிவிட்டு மோட்டார் ஏற்றலாமா,
இல்லை, மொத்தத்தையும் பழைய இரும்புக்குத் தள்ளலாமா
என்று வங்கி கேட்கிறது.
வெள்ளிக்கிழமைக்குள், ஒரே தாளில்.

ஒரு தாள் போதும்தான்.
வண்டிக்கு ஏழு கோடி டெங்கே.
நாளைக்கு இருநூற்றிருபது கிலோமீட்டர்.
நூற்றுக்கு நாற்பது லிட்டர், அது அரசாங்க அளவு.
மின்சாரத்துக்கு அதில் மூன்றிலொரு பங்கு செலவு,
நிலக்கரி எங்கள் காலடியிலேயே கிடப்பதால்.
(புகை ஊரைவிட்டுப் போகாது.
பேருந்தின் வாலிலிருந்து
மின்நிலையத்தின் கொம்புக்கு ஏறிக்கொள்ளும்.
அதற்குத் தாளில் கட்டம் இல்லை.)

கூட்டிக் கழித்தேன்.
போட்ட பணம் திரும்பப் பன்னிரண்டு வருடம்.
வண்டிக் கூட்டைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து
மெக்கானிக் கெரிங்கர் சொன்னது: பத்து.
அதற்கு மேல் ஒரு மாதம்கூடச் சொல்ல முடியாது, ரௌஷன்.

அப்புறம்தான் என் பேரேட்டைத் திறந்தேன்.

அரசாங்கத்துக்கு நாற்பது.
என் கையெழுத்தில் நாற்பத்தேழு.
ஏழு லிட்டருக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறேன்:
குளிர்காலக் கூடுதல்.
பதினோரு வருடமாக எழுதுகிறேன்.
ஜூலையிலும்.

நாற்பது நாள் சம்பளம் வராத ஒரு மார்ச்சில் தொடங்கியது.
தண்டவாளத்துக்குப் பின்னால் ஒரு கராஜ்,
இரவில் கேன் போகும், காலையில் காசு வரும்.
ஜாக்சிபெக்கின் கடைசி மகளுக்கு மூக்குக்கண்ணாடி.
லியூபாவுக்குப் பாதி வாடகை.
எனக்கு யாரும் எதுவும் தந்ததில்லை.
ஒரே ஒரு புத்தாண்டுக்குக் குதிரை இறைச்சித் தொத்திறைச்சி,
ஒரு முழம்.
வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
எங்கள் ஆறு ஐந்து மாதம் உறைந்து கிடக்கும்.
போட்டது மூழ்காது,
வெள்ளைப் பரப்பின் மேல்
எல்லோரும் பார்க்கக் கறுப்பாய் நிற்கும்.

நாற்பத்தேழை வைத்து மறுபடி கணக்கிட்டேன்.
ஒன்பதரை வருடம்.
மூன்று முறை சரிபார்த்தேன், ஒன்பதரைதான்.
திருட்டைச் சேர்த்தால் திட்டம் தேறுகிறது.

எழுதினால் வங்கி கையெழுத்துப் போடும்;
பேட்டரியில் குழாய் விட்டு உறிஞ்ச
இன்னும் யாரும் பிறக்கவில்லை.
எழுதாவிட்டால் பன்னிரண்டு வண்டியும் இரும்பு,
இருபத்துநான்கு ஓட்டுநர்கள் வீட்டில்.

எழுதினேன். 'உண்மை நுகர்வு: 47.'
ஏன் இவ்வளவு என்று தொலைபேசியில் கேட்டான்
வங்கியிலிருந்து ஒரு பையன்.
பழைய வண்டி, என்றேன்.
மிஞ்சும் ஆறு மாதத்தில் ஓட்டுநர்களுக்குச் சம்பள உயர்வு
என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன்.
மேலாளர் அதை அடித்துவிட்டார்,
அளவுகோல் வைத்து, நேராக.

செப்டம்பரில் முதல் எஞ்சின் இறங்கியது.
எடைக்குப் போடும் முன் கெரிங்கர்
அதைச் சோப்புப் போட்டுக் கழுவினான்.
கழுவாதே, அழுக்குக்கும் கிலோவுக்குத்தான் காசு என்றேன்.
காதில் விழாதவன்போல் கழுவினான்.

மாற்றிய வண்டியிலும் ஒரு டீசல் தொட்டி உண்டு.
முப்பது டிகிரி உறைகுளிரில்
பேட்டரி சக்கரத்தைச் சுழற்றும்,
ஆட்களையும் சேர்த்துச் சூடாக்கத் திணறும்.
அதற்காகக் கூரையில் ஒரு அடுப்பு,
இருக்கைக்கடியில் இருபது லிட்டர்.

ஜாக்சிபெக் வந்தான். தொப்பியைக் கழற்றவில்லை.
என் கால்குலேட்டரைப் பார்த்தபடி கேட்டான்:
அந்தச் சின்னத் தொட்டிக்குப் பூட்டு உண்டா?

போய் வண்டியை எடு, நேரமாகிறது என்றேன்.

கொள்முதல் பட்டியல், பதினொன்றாம் வரி:
தொட்டி மூடிப் பூட்டு, சாவியுடன், பன்னிரண்டு.
அளவுகோலைத் தேடவில்லை.
கையாலேயே கோடு கிழித்தேன், கொஞ்சம் கோணலாக.
ஓரத்தில் காரணம் எழுதினேன்:
செலவுக் குறைப்பு.